சயாம் வண்டியை மறித்த ஏனாதி

கிள்ளான்,
1943 மார்ச் 14

அன்புள்ள தம்பி சண்முகரத்தினத்துக்கு,

உன் இருமல் விட்டதா? பரிமளத்துக்கு வாந்தி குறைந்ததா? முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல். மரவள்ளிக்கிழங்கை நன்றாக அவித்துக் கொடு. நான் சுகமாக இருக்கிறேன். உன் அத்தான் காய்ச்சலில் போனபிறகு இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும். படித்தது பிள்ளைப்பேறு பார்க்க. இப்போது புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் நான்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாத் தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஜெய்னுதீன் பாய், துணி வரத்து நின்றுபோனதால் இப்போது இங்கிருந்து லோரியில் கருவாடு ஏற்றிக்கொண்டு போகிறார். "மீனுக்கு அடியிலெ வச்சிட்டா எவனும் கையை விடமாட்டான்மா" என்றார். கடிதம் நாறினால் மன்னித்துக்கொள்.

நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். இருந்தாலும் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ஜப்பான்காரர்கள் ஆற்றங்கரையில் அகழி வெட்ட எங்கள் ஆட்களை இழுத்துப் போனார்கள். வெட்டிக்கொண்டிருந்தபோது கரை சரிந்தது. சேற்றுக்குள் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தான். சிலை என்று நினைத்தார்களாம். கங்காணி தம்புசாமி முகத்தில் தண்ணீர் ஊற்றியதும் கண் திறந்தது. எல்லோரும் ஓடிவிட்டார்கள். தம்புசாமி மட்டும் ஓடாமல் அந்த ஆளைச் சாக்கில் சுற்றி, வெயில் தாக்கி விழுந்த கூலி என்று காவல்காரனிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிட்டான்.

நான் கழுவிப் பார்த்தேன். தோலின் மேல் இரும்புத் தகடு தைத்த கவசம். இடுப்பில் வாள். உடம்பில் புதுக் காயம் எதுவும் இல்லை. மூச்சு சீராக இருந்தது. அவர் பேசியது தமிழ்தான். ஆனால் தோட்டத்தில் யாருக்கும் விளங்காத பழைய தமிழ். நாம் பள்ளியில் உரை பார்த்துப் படித்தோமே, அந்த மாதிரி. அதனால் எனக்கு மட்டும் புரிந்தது.

"எம் நாயகன் மீண்டனனோ?" என்று கேட்டார்.

அவர் பெயர் நக்கன் சாத்தன். சோழர் கப்பற்படையில் ஏனாதி. ஏனாதி என்பது அரசன் தன் கையால் மோதிரம் அணிவித்துக் கொடுக்கும் பட்டமாம். படை கடாரத்துக்குப் போனபோது, இந்த ஆற்றின் வாயைக் காத்து நில் என்று சொல்லி இவரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வரவில்லை. மேலே கரை சரிந்தது மட்டும் நினைவிருக்கிறது என்கிறார்.

ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன என்று நான்தான் சொன்னேன். அவர் அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, தம்பி. படித்ததும் இதை அடுப்பில் போடு.

உன் அக்கா,
சிவமலர்


பிரிக்பீல்ட்ஸ்,
1943 ஏப்ரல் 6

என் மதிப்புக்குரிய அக்காவுக்கு,

கருவாட்டு வாசனையோடு கடிதம் கிடைத்தது. பரிமளம் அந்த வாசனைக்கே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மற்றபடி சுகம்.

அக்கா, கோபிக்காதீர்கள். சோறு கண்டு எத்தனை நாள்? வெறும் கிழங்கைத் தின்றுகொண்டு, நாள் முழுக்க நோயாளிகளோடு இருந்தால் யாருக்கும் தலை சுற்றும். சேற்றில் கிடந்தவர் ஏதோ நாடகக் கம்பெனி ஆளாக இருப்பார். சண்டை வந்தபோது இப்படி எத்தனையோ கம்பெனிகள் நடுவழியில் நின்றுவிட்டன. வேஷத்தோடு பசியில் விழுந்திருப்பார். நாடகத் தமிழ் பேசுகிறவர்கள் சிலர் இறங்கிய பிறகும் அதை விடுவதில்லை.

ரயில்வேயில் நான் இப்போது பயணச்சீட்டுப் பகுதியில் இல்லை. சரக்கேற்றும் கூண்டு வண்டிகள் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். வேலை கூடுதல். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பரில் பரிமளத்துக்கு நாள் வரும். நீங்கள்தான் வந்து பார்க்கவேண்டும். வேறு யாரையும் அவள் நம்பமாட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
சண்முகரத்தினம்


கிள்ளான்,
1943 மே 23

தம்பிக்கு,

நீயும் பரிமளமும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நலம் என்று எழுத மனம் வரவில்லை.

போன வாரம் படம் காட்டுகிறோம், எல்லோரும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். போன ஆண்களை அப்படியே லோரியில் ஏற்றினார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. லோரியைக் கிளப்பினார்கள், ஆனால் அது நகரவில்லை. சக்கரம் சேற்றை வாரி இறைத்தது. பின்னால் சாரம் கட்டி, முகத்தைத் துண்டால் மூடிய ஒருவர் ஒற்றைக் கையால் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது சாத்தன். சுட்டார்கள். குண்டு அவர் முதுகில் பட்டுக் கீழே விழுந்ததை நானே பார்த்தேன். மருந்தை அளந்து கொடுக்கிறவள் நான், கூட்டிச் சொல்லத் தெரியாது. ஏன் இப்படி என்று அவருக்கே தெரியவில்லை. ஆட்கள் குதித்து ஓடிவிட்டார்கள்.

அன்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு ஒரு நாள் கூட நிலைக்கவில்லை.

இப்படி ஒரு காரியம் செய்தால் அவர் பிறகு செத்த மாதிரித் தூங்கிவிடுகிறார். அந்த நேரம் பார்த்து நிறையப் பேர் வந்தார்கள். தோட்டத்துக்காரன் எவனோதான் முகத்தை மூடிக்கொண்டு செய்தான் என்று தம்புசாமியைக் கட்டிவைத்து அடித்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் வெயிலில் நிறுத்தினார்கள். முதலில் ஏற்றியதைவிட அதிகம் பேரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் மாரியாயியின் புருஷன் வாசுவும் அதில் போனான். எல்லோரையும் கோலாலம்பூரில் ஒரு முகாமில் அடைத்து வைத்திருக்கிறார்களாம்.

சாத்தன் எழுந்து நடந்ததைக் கேட்டார். தம்புசாமியின் முதுகைப் பார்த்தார். "கள்வன்போல் முகம் மறைத்தேன். அடியை நீவிர் பட்டீர். இனி என் முகம் மறையாது. என் மெய்க்கவசத்தைக் கொணர்க" என்றார். தன்னைக் கண்டவன் எவனும், இதைச் செய்தது கூலிக்காரன் என்று சொல்லக் கூடாது என்பது அவர் எண்ணம்.

பிறகு, "இவ்வூர்க்குக் கோன் யார்? யார் ஏவல் கேட்டு நான் போவது?" என்றார். நான் அதைத் தோட்டத்துப் பேச்சில் சொன்னதும் தம்புசாமி, "எங்களுக்கு ராசா யாருங்க? முந்தி வெள்ளைக்காரத் துரை, இப்ப இவனுங்க. ரெண்டு பேருமே அடிக்கத்தான் வந்தானுங்க" என்றான்.

ஏவல் கொடுக்க ஆளில்லாத வீரன் எப்படி இருப்பான் என்று நீ பார்த்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய பிள்ளை மாதிரி நின்றார்.

மாரியாயி எழுந்து வந்தாள். "ராசா இல்லாட்டி என்னய்யா? நான் சொல்றேன், கேளு. எம் புருசன கொண்டாந்து குடு."

அவர் வாளை அவள் காலடியில் வைத்து, மண்ணைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ரப்பர் பால் கறை படிந்த கைலியோடு நின்ற அவளுக்கு ஏனாதி ஒருவர் தலை வணங்கினார். அவள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தாள்.

தம்பி, நீ கூண்டு வண்டிப் பகுதியில் இருக்கிறாய். அவர்களைச் சயாமுக்குக் கொண்டுபோகும் வண்டி என்றைக்கு, எந்த வழியாகப் போகிறது என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்? நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்,
1943 ஜூன் 2

அக்காவுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருங்கள்.

நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது. அந்த விவரம் தெரிந்தவர்கள் இந்த அலுவலகத்தில் மிகக் கொஞ்சம் பேர். வெளியே போனால் யார் வாய் திறந்தது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு பொழுது போதும். பரிமளம் இருக்கிற நிலை உங்களுக்குத் தெரியும்.

தயவுசெய்து இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

சண்முகரத்தினம்


பிரிக்பீல்ட்ஸ்,
1943 ஜூன் 28

அன்பான மச்சாளுக்குப் பரிமளம் எழுதிக்கொண்டது,

நானும் வயிற்றில் உள்ளதும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

இவர் உத்தியோக விஷயமாக வெளியூர் போயிருக்கிறார். எப்போது திரும்புவார் என்று சொல்லவில்லை. முன்பு எழுதிய கடிதத்துக்காக மன்னிப்புக் கேட்கச் சொன்னார். போகுமுன் உங்களுக்கு எழுதச் சொன்னது இதுதான்: வரும் வியாழன் காலையில் செந்தூலிலிருந்து வடக்கே போகும் கூண்டு வண்டியில் கிள்ளான் ஆட்கள் இருப்பார்கள். குவாங் தாண்டி, காட்டோரம் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும்.

வேறு விசேஷம் இல்லை. மழைக்கோட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். வடக்கே மழை அதிகமாமே, அதுதான் கவலை. எனக்காக நீங்கள் புறப்பட்டு வரவேண்டாம். பக்கத்து வீட்டு மார்க்கிரட் அக்கா துணைக்கு இருக்கிறா.

பரிமளம்


செலாயாங் காட்டோரம்,
1943 ஜூலை 4

என் அக்காவுக்கு,

இது என் கையெழுத்துத்தான். உயிரோடு இருக்கிறேன். கால் வீக்கத்தைத் தவிர வேறு குறை இல்லை. நீங்கள் உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அந்த வண்டியில் நானும் இருந்தேன்.

உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள், கூண்டுகளில் ஆட்களை எப்படி அடைப்பது என்று அதிகாரி என்னிடம் கணக்குக் கேட்டான். இத்தனை பேரை ஒரு கூண்டில் அடைத்தால் ஈப்போ போய்ச் சேருமுன் செத்துப்போவார்கள் என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அவன் சிரித்தான். "அப்படியானால் நீயும் கூடப் போய்ப் பார்த்துச் சொல்" என்றான். முகாமுக்குக் கொண்டுபோகுமுன், மாற்றுத் துணி எடுக்க ஒரு சிப்பாயோடு வீட்டுக்கு விட்டார்கள். சட்டையை மடிக்கிறபோது பரிமளத்திடம் வண்டி விவரத்தைச் சொன்னேன். "நானும் அதிலை போறன் எண்டு அக்காவுக்கு எழுதிப்போடாதை. எழுதினால் அவ தண்டவாளத்திலை வந்து நிப்பா" என்றேன். அவள் அழவில்லை. சிப்பாய்க்குத் தேநீர் கொடுத்தாள்.

கூண்டுக்குள் உட்கார இடமில்லை. இரும்புச் சுவர் தொட முடியாதபடி சுட்டது. குவாங் தாண்டி வண்டி நின்றது. தண்ணீருக்கு என்று நினைத்தோம். பிறகு எஞ்சின் முக்குகிற சத்தம் கேட்டது. வண்டி முன்னே போகாமல், பின்னால் அசைந்தது. வண்டி வளைவில் நின்றதால் கதவு இடுக்கு வழியாக ஒருவன் பார்த்துச் சொன்னான்: "யாரோ ஒருத்தன் எஞ்சினுக்கு முன்னால நிக்கிறான்யா. இரும்புச் சட்டை போட்டிருக்கான். நெஞ்ச குடுத்துத் தள்றான்."

நான் நாடகக் கம்பெனி என்று எழுதினேனே, அது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

துப்பாக்கிச் சத்தம் மழை மாதிரிக் கொட்டியது. அதற்குள்ளே அவர் குரல் கேட்டது, அக்கா. கத்தவில்லை. பெயர் சொன்னார். தன் பெயர், தன் பட்டம், எதற்காக வந்தார் என்பது, எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிட்டுத்தான் சிப்பாய்கள் மேல் கை வைத்தார். "மாரியாயி என்பாளின் ஏவலால் வந்தேன்" என்றார். ஜப்பான்காரனுக்கு என்ன விளங்கியிருக்கும்? ஆனால் கூண்டுக்குள் இருந்த கிள்ளான் ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

எங்கள் கூண்டின் கதவு பூட்டோடு கழன்று போனது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பட்டப்பகலில் அவரைப் பார்த்தேன். கவசத்தில் புகை. வாளை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. துப்பாக்கிகளை வாங்கி வாங்கி முறித்துப் போட்டிருந்தார். சிப்பாய்களில் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

"வாசு யார்?" என்று கூண்டு கூண்டாகக் கேட்டுப் போனார். வாசு கடைசிக் கூண்டில் இருந்தான். அவனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். அவன் பயந்துபோய், "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றான்.

பிறகு என் முன்னால் வந்து நின்று என் முகத்தையே பார்த்தார். "சிவமலரின் உடன்பிறந்தான்" என்றார். கேள்வி இல்லை. கண்டுகொண்டார். எனக்கு உங்கள் மூக்கு என்று அம்மா சொல்வாவே, அது ஒருநாள் எனக்கு உயிர் தரும் என்று யார் நினைத்தது?

காடு வழியாக இங்கே வந்தோம். சீனர்கள் கிழங்கு போட்டிருக்கிற இடம். எங்களுக்கும் ஒதுங்க இடம் கொடுத்தார்கள். அவர் இரண்டு நாள் தூங்கி இன்றுதான் எழுந்தார். பரிமளத்தை நீங்கள் உங்களிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தம்பி


கிள்ளான்,
1943 அக்டோபர் 3

என் கண்ணான தம்பிக்கு,

நீ கடிதம் எழுதி மூன்று மாதமாகிறது. பதில் எழுதத் தெரியாமல் இல்லை. வேவு பார்க்கிறவர்கள் அடங்கட்டும் என்று ஜெய்னுதீன் பாய் சொன்னார். முதலில் நல்லதைச் சொல்கிறேன். உனக்கு மகள் பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் சுகம். இரண்டு பேரும் என் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பிள்ளையின் அழுகைச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரை கேட்கிறது. இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு எவ்வளவு காலம்.

பரிமளத்தைப் பாய்தான் லோரியில் கூட்டி வந்தார். நான் அவளிடம், "இப்பிடிப் பொய் எழுத எங்கை பழகினாய்?" என்று கேட்டேன். "மச்சாள், மழைக்கோட்டு உண்மையிலை வீட்டிலைதான் கிடந்தது" என்றாள். உன் கடிதம் வந்த அன்று நான் அவளை அடிக்கத்தான் நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

இந்தத் தடவை தோட்டத்துக்கு யாரும் வந்து அடிக்கவில்லை. வண்டியை மறித்தவனை அத்தனை பேரும் நேரில் பார்த்துவிட்டார்கள் அல்லவா? கூலிக்காரனைப் பிடித்து என்ன கேட்பது? வண்டி தடம் புரண்டது என்று எழுதி முடித்துவிட்டார்களாம். கிள்ளான் பாசாரில் ஒருவன் அவர் பத்துமலைக் கோயிலிலிருந்து இறங்கி வந்த முருகன் என்கிறான். மலாய்க்காரர் ஒருவர் பழைய சுல்தானின் அரண்மனை அதிகாரி, பெந்தாரா என்கிறார். சீனக் கடைக்காரர் தங்கள் ஊர்த் தளபதி என்கிறார். ஆளுக்கு ஆள் உரிமை கொண்டாடுகிறார்கள். மாரியாயி மட்டும் எல்லோரையும் பார்த்து, "நான்தான்டா அனுப்பினேன்" என்கிறாள். அவளை அடுத்த லோரியில் வாசுவிடம் அனுப்புகிறேன்.

பிறகும் இரண்டு வண்டிகள் நின்றன என்று கேள்விப்பட்டோம். உடம்பைக் கவனியுங்கள்.

அக்கா சிவமலர்


செலாயாங்,
1944 பிப்ரவரி 11

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை, மன்னியுங்கள். சாத்தருக்குக் காய்ச்சல். குளிர் காய்ச்சல். குண்டு இறங்காத உடம்பில் கொசு இறங்கிவிட்டது. பிதற்றுகிறார். கப்பல் கப்பல் என்கிறார். பிடித்துக்கொள்ள நாலு பேர் போதவில்லை; மூங்கில் கட்டிலை முறித்துவிட்டார். வாசுவும் மாரியாயியும் மாறி மாறி ஈரத்துணி போடுகிறார்கள்.

குயினைன் இருந்தால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுத்தனுப்புங்கள். இங்கே எல்லோருடைய முகமும் இருண்டு கிடக்கிறது.

தம்பி


கிள்ளான்,
1944 ஏப்ரல் 20

தம்பிக்கு,

பத்திரமாகத் திரும்பி வந்து சேர்ந்தேன். பிள்ளை என்னை மறந்திருப்பாள் என்று நினைத்தேன், மறக்கவில்லை.

நான் குயினைனைக் கொடுத்தனுப்பாமல் நானே வந்ததற்கு நீ கோபித்துக்கொண்டாய். எவ்வளவு கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்று மருந்துப் புட்டி சொல்லாது, தம்பி. வழியில் பங்சார் அருகே லோரியை நிறுத்திச் சோதித்தார்கள். பாய், "பிள்ளைப்பேறு பாக்குற அம்மா, அவசரமாப் போறாங்க" என்றார். கூடையில் இருந்த மருந்துப் புட்டிகளுக்கு மேல் ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பொருள் வைத்து மறைத்திருந்தார்கள். தம்புசாமி வீட்டுச் சோளம், பரிமளம் சுற்றிக் கொடுத்த பிள்ளைத்துணி. மஸ்ஜித் இந்தியாக் கடைக்காரர்கள் தங்கள் வீட்டு மருந்தையெல்லாம் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் மறித்த வண்டிகளிலிருந்து திரும்பி வந்தவர்களில் அவர்கள் பிள்ளைகளும் இருந்தார்களாம்.

அங்கே நான் தங்கிய நாட்களில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். எழுத ஒன்றுமில்லை.

உன் கால் வீக்கம் எப்படி? வாசுவின் புண் ஆறியதா? மாரியாயிக்கு இரத்தம் குறைவு, கீரை சாப்பிடச் சொல். அந்தச் சீனக் கிழவருக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? அவர் வளர்க்கிற பன்றிக்குட்டிகூட நொண்டிக்கொண்டிருந்ததே, அது நடக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

அக்கா


செலாயாங்,
1944 மே 15

அன்பு அக்காவுக்கு,

என் கால் சரியாகிவிட்டது. வாசுவின் புண் ஆறிவிட்டது. மாரியாயி கீரையைக் கண்டாலே ஓடுகிறாள். கிழவர் சுகம். பன்றிக்குட்டி நன்றாக நடக்கிறது.

எல்லோரையும் பெயர் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். ஒருவரை மட்டும் விட்டுவிட்டீர்கள். நீங்கள் கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன்: அவர் சுகம். காய்ச்சல் திரும்பவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார்.

அவரும் அப்படித்தான். ஜெய்னுதீன் பாயின் லோரிச் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து போகிறவர் அவர். கடிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, மரத்தடியில் போய் நின்றுகொள்கிறார். நான் சத்தமாகப் படித்தால் திரும்பிப் பார்க்கமாட்டார். மெதுவாகப் படித்தால் கிட்ட வருகிறார்.

ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "காய்ச்சலில் நான் கிடந்தபோது உம் தமக்கை என்னை அஞ்சவில்லையே, ஏன்?" அக்கா எவ்வளவோ பேர் பிதற்றக் கேட்டவ, அதனால் அஞ்சமாட்டா என்றேன். அவர், "வெல்ல ஆள் வேண்டிப் பலர் என்னை அழைத்தனர். பிழைக்க வேண்டி என்னருகே அமர்ந்தவள் அவள் ஒருத்தியே" என்றார்.

நான் இதற்கு மேல் எழுதமாட்டேன். நீங்கள் என் அக்கா. பரிமளத்துக்கு மட்டும் தனியாக ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். அதை நீங்கள் படிக்க வேண்டாம்.

தம்பி சண்முகரத்தினம்


கிள்ளான்,
1945 நவம்பர் 18

அன்புள்ள தம்பி, பரிமளம், என் செல்லப் பிள்ளை மூவருக்கும்,

பிரிக்பீல்ட்ஸ் வீடு திரும்பவும் உங்கள் கைக்கு வந்ததும், நீ பழைய வேலையில் சேர்ந்ததும் அறிந்து நிம்மதியாக இருக்கிறது. சண்டை முடிந்து முதன்முதலாகத் தபாலில் எழுதுகிறேன். கருவாட்டு வாசனை இல்லாத கடிதம் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பழைய துரை திரும்பி வந்துவிட்டார். முன்பு அவர் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கவேண்டும், குடை பிடித்தவன் மடக்கவேண்டும் என்பது உனக்கு நினைவிருக்கும். போன புதன்கிழமை காலை தம்புசாமி சைக்கிளில் எதிரே போனான். இறங்கவில்லை. துரை காரை நிறுத்தி, இறங்கு என்று கத்தினார். தம்புசாமி, "முதுகு வலிக்குதுங்க துரை, குனிய முடியல" என்றான். உண்மைதான், அந்த அடிக்குப் பிறகு அவன் முதுகு வளைவதில்லை. துரை கையிலிருந்த பிரம்பை ஓங்கினார்.

அந்தப் பிரம்பை ஒருவர் பிடித்துக்கொண்டார். சாத்தர்தான். செலாயாங்கிலிருந்து வந்தது முதல் இங்கே வாசுவோடு சேர்ந்து பால்மரம் வெட்டுகிறார். காக்கிக் காற்சட்டை, தலையில் துண்டு. கவசம் இல்லை.

"யார் நீ? யாருடைய ஆள்?" என்று துரை கேட்டார்.

இரண்டரை வருஷத்தில் அவர் தோட்டத்துப் பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறார், தம்பி. "இவங்க ஆளுங்க" என்றார். பிரம்பை முறிக்கவில்லை. பக்குவமாக வாங்கித் துரையின் கார் இருக்கையில் வைத்தார்.

அதற்குள் வேலைக்காட்டிலிருந்து எல்லோரும் வந்துவிட்டார்கள். பெண்கள் வாளியோடு, ஆண்கள் கத்தியோடு. யாரும் சத்தம் போடவில்லை. மாரியாயி முன்னால் வந்து, "சயாமுக்கு எங்கள புடிச்சிக்கிட்டுப் போனப்ப தொரை எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். துரைக்குத் தமிழ் தெரியும். அவர் காதுவரை சிவந்ததை நான் ஆஸ்பத்திரி வாசலில் இருந்து பார்த்தேன். பிறகு டிரைவரிடம் காரை ஓரமாக ஒதுக்கச் சொன்னார். தம்புசாமி சைக்கிளில் ஏறி, நிமிர்ந்த முதுகோடு நடு ரோட்டில் போனான். கூட்டம் முழுக்க அவன் பின்னால் நடந்தது. இப்போது குடையை யாரும் மடக்குவதில்லை. மழை இல்லாத நாளிலும் சிலர் குடை பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

சயாமுக்குப் போய் உயிர் தப்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். வராதவர்கள் வீட்டில் விளக்கு வைக்கிறோம். வண்டி வரும் நாளெல்லாம் சாத்தர் கிள்ளான் நிலையத்துக்குப் போய்விடுகிறார். நடக்க முடியாதவர்களை முதுகில் ஏற்றி வருகிறார்.

இனி உனக்கு மட்டும்.

நேற்று மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் வாள். நான் பயந்துபோய், மறுபடியும் யாருக்கு என்ன என்று கேட்டேன். வாளை என் காலடியில் வைக்கக் குனிந்தார். சத்தியம் செய்யப் போகிறார் என்று விளங்கியதும் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். "நான் ஏவல் சொல்கிறவள் இல்லை. எனக்கு வீரன் வேண்டாம். உட்காருங்கோ, சாப்பிடுவம்" என்றேன். அவருக்கு அது ஏவலா இல்லையா என்று விளங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் நேற்றுத்தான் பார்த்தேன். உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று தரம் சோறு கேட்டார்.

இத்தனை வயதில், புருஷனை இழந்த ஒருத்தி இப்படி எழுதுகிறாளே என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். செலாயாங்கிலிருந்து நீ தனியாக வைத்த கடதாசியைப் பரிமளம் அன்றைக்கே எனக்குக் காட்டிவிட்டாள் என்பதையும் நீ தெரிந்துகொள்.

தை பிறந்ததும் நாள் பார்த்திருக்கிறோம். தம்புசாமி மாப்பிள்ளை வீட்டுக்காரனாம். வாசு, மாரியாயி, அவர் மறித்த வண்டிகளில் இருந்தவர்கள், ஜெய்னுதீன் பாய், எல்லோரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். என் பக்கத்தில் நீயும் பரிமளமும் பிள்ளையும்தான். ஆகவே நேரத்தோடு வா. வந்து சபையில் நன்றாக நிமிர்ந்து உட்கார்.

உன் அக்கா,
சிவமலர்